இனி ஒரு கைநாட்டு வேண்டாம்!

“எனக்கு இதெல்லாம் தெரியாதுய்யா. நீயே ஏதாவது ஒரு நம்பரப் போட்டுக் குடு.”

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கோப்பெங் கடைத்தெருவிலும் ஈப்போ லிட்டில் இந்தியாவிலும் கைத்தொலைபேசிக் கடைகளில் நம் பெரியவர்கள் சொல்லும் சொல் இது. கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. கடைப்பையன் கெட்டவனாக இருக்க வேண்டும் என்பதில்லை. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அந்த அம்மாவின் பிறந்த தேதியைத் தட்டிவிடுகிறான். மறந்துவிடப் போகிறாரே என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தொலைபேசி உறைக்குள்ளேயே செருகியும் கொடுக்கிறான். அம்மா நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். காலமெல்லாம் உழைத்துச் சேர்த்த சேமநிதி, கோலாலம்பூரிலிருந்து மகன் அனுப்பும் செலவுப் பணம், அரசாங்கம் தரும் உதவித்தொகை எல்லாம் இனி அந்த ஆறு எண்களுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. அந்த ஆறு எண்களில் ஒன்றைக்கூட அவர் தேர்ந்தெடுக்கவில்லை.

அம்மா, உங்களுக்குத் தெரியாது என்று யார் சொன்னது? விடியாத இருட்டில் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் இறங்கியவர் நீங்கள். நானூறு, ஐந்நூறு மரங்களை நிரை நிரையாக மனத்தில் வைத்திருந்தவர். எந்த மரத்தில் பால் பிடிக்கும் மங்கு உடைந்திருக்கிறது, எந்த மரத்தில் பட்டை காயப்பட்டிருக்கிறது, எது பால் வற்றிய மரம் என்பதை எழுதிப் பார்த்தா தெரிந்துகொண்டீர்கள்? தாலாட்டு முதல் ஒப்பாரி வரை அத்தனையும் ஏடில்லாமல் உங்கள் நாவில் இருந்தன. கடவுச்சொல்லாக ஐந்து சொல்லை நினைவில் வைக்க முடியாதவரா நீங்கள்? முடியும். அதை உங்களுக்கு நிரூபித்துக் காட்டாமல் இந்தக் கட்டுரையை முடிக்க மாட்டேன்.

நம் பாட்டன் பூட்டன் காலத்தை நினைத்துப் பாருங்கள். கங்காணி பேச்சை நம்பிக் கப்பலேறினார்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்றார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டதும் குரல் கொடுத்தார்கள். கிராணி செக்ரோலில் முழுநாள் போட்டாரா, அரைநாள் போட்டாரா, எத்தனை ராத்தல் பால் குறித்தார், மளிகைக் கடன் என்று எவ்வளவு கழித்தார், படிக்கத் தெரியாதவர்களுக்கு எதுவும் தெரியாது. சம்பள நாளில் கட்டைவிரலை மையில் தோய்த்து ஒற்றிவிட்டு, கையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பினார்கள். அது அவர்கள் குற்றமன்று. எழுத்தை அவர்கள் கைக்கு யாரும் கொடுக்கவில்லை. ஆனால் இன்று? நமக்கு எழுத்து இருக்கிறது. தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பட்டம் பெற்ற பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் நம் பணத்தின் வாசலை இன்னொருவர் விரலால் பூட்டச் சொல்கிறோம் என்றால், அதுவும் கைநாட்டுத்தான். மை மட்டும் மாறியிருக்கிறது.

இந்த நாட்டில் ஊழியர் சேமநிதி தொடங்கியது 1951-இல். அதற்குள் சேர்ந்த ஒவ்வொரு வெள்ளியும் மழையிலும் கொசுக்கடியிலும் வாளி சுமந்த முதுகிலிருந்து வந்தது. பெரிய தோட்டங்களை முதலாளிகள் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த நாளில், நம் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டிலிருந்து புறப்பட்ட துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பினார். பால்மரம் வெட்டியவர்கள் சிறுகச் சிறுகப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். மங்கு கழுவிய கை, நிலப்பட்டாவில் பங்கு வைத்தது. அந்த இரத்தம் ஓடும் உடம்பு உங்களுடையது. ஒரு சின்னப் பெட்டியில் எட்டு எழுத்துத் தட்டச் சொன்னால் நடுங்குவதற்கு என்ன இருக்கிறது?

“நாம் சின்ன ஊரில் கிடக்கிறோம், நம்மை யார் தேடி வரப் போகிறார்கள்” என்பது அடுத்த சாக்கு. சின்ன ஊர் என்று கோப்பெங்கைச் சொல்லாதீர்கள். ஈயச் சுரங்கம் கொழித்த காலத்தில் யூ காங் என்ற சீனர் 1879-இல் ஒரு மருந்துக்கடை திறந்தது இந்த ஊரில்தான். யூ யான் சாங் என்று இன்று பல நாடுகளில் கிளை பரப்பி நிற்கும் நிறுவனத்தின் முதல் கடை அது. சின்ன ஊரிலிருந்து உலகத்துக்குப் போக முடியும் என்றால், உலகத்திலிருந்து சின்ன ஊருக்குள் நுழையவும் முடியும். இணையத் திருடன் ஈப்போவில் இறங்கிப் பேருந்து பிடித்து வருவதில்லை. அவனுக்குக் கோப்பெங்கும் நியூயார்க்கும் ஒன்றுதான். உங்களை அவன் தேடவும் இல்லை. கோடிக்கணக்கான பெயர்களும் எண்களும் அடங்கிய பட்டியல்களை இயந்திரத்துக்குள் ஊற்றுகிறான். எது திறந்துகொள்கிறதோ அதற்குள் போகிறான்.

பட்டியல் எங்கிருந்து கிடைக்கிறது? 2017 அக்டோபரில் நம் நாட்டையே உலுக்கிய செய்தி ஒன்று உண்டு. மலேசியக் கைத்தொலைபேசி எண்கள் 46.2 மில்லியன், உரியவர்களின் பெயர், முகவரி, அடையாள அட்டை எண் ஆகியவற்றோடு இணையத்தில் விலைக்கு வந்திருந்தன. நாட்டின் மக்கள்தொகையே அப்போது ஏறத்தாழ 32 மில்லியன்தான். அதாவது நீங்களும் நானும் அந்தப் பட்டியலில் இல்லாமல் இருப்பதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே அடையாள அட்டை எண்ணை இரகசியம் என்று இனி எண்ணவே கூடாது.

அந்த எண்ணையே எடுத்துப் பிரித்துப் பாருங்கள். பன்னிரண்டு இலக்கம், பார்க்க மலைப்பாக இருக்கும். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். பேராக் என்றால் பெரும்பாலும் 08. மிச்சம் இருப்பது நான்கே இலக்கம், அதாவது பத்தாயிரம் வாய்ப்பு. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ஆகவே பத்தாயிரம் ஐயாயிரமாகச் சுருங்குகிறது. முகநூலில் கேக் வெட்டும் படத்தைப் போட்டு “எங்கள் அம்மாவுக்கு இன்று அறுபது” என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரி போதும்.

பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக வைப்பது அதைவிட மோசம். ஆறு இலக்கத்துக்கு ஒரு மில்லியன் சேர்க்கை உண்டு என்று நினைப்போம். நூறு ஆண்டுகளில் வரக்கூடிய தேதிகள் மொத்தமே 36,525. தகப்பன் பேரை வைக்கலாம் என்றால், நம் தகப்பன் பேர் நம் பேரோடு சேர்ந்து அடையாள அட்டையிலேயே அச்சாகியிருக்கிறது! குலசாமி பேரும் அபிமான நடிகர் பேரும் அவற்றின் வாலில் ஒட்டும் 123-உம் எவருக்கும் முதலில் தோன்றுபவை. தமிழ்ப் பற்றுள்ள நண்பர்கள் சிலர் ஒரு குறளையே கடவுச்சொல்லாக்கிவிட்டதாகப் பெருமையோடு சொல்கிறார்கள். குறள் மொத்தம் 1330. வள்ளுவரை நெஞ்சில் வையுங்கள், வங்கிக் கணக்கில் வைக்காதீர்கள். அச்சில் வந்த எந்த வரியும், எந்தப் பாட்டின் பல்லவியும் இரகசியமாகாது.

உலகம் முழுவதும் இதே கதைதான். 2009-இல் ராக்யூ என்ற நிறுவனத்திடமிருந்து 32 மில்லியன் கடவுச்சொற்கள் திருடு போயின. திருடியவர் பூட்டை உடைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. எல்லாம் அப்படியே வெளிப்படையாக எழுதி வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் 290,731 பேருடைய கடவுச்சொல் ஒன்றே ஒன்று: 123456. அவர்கள் எல்லாரும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களா? முகநூலை உருவாக்கிய மார்க் சக்கர்பெர்க்கின் டுவிட்டர் கணக்குக்குள் 2016-இல் அந்நியர்கள் புகுந்தார்கள். லிங்க்ட்இன் தளத்திலிருந்து 2012-இல் களவு போன பட்டியலில் கிடைத்த அவருடைய கடவுச்சொல் ‘டாடாடா’ என்றும், அதையே அவர் வேறு இடத்திலும் வைத்திருந்தார் என்றும் செய்தி வந்தது. உலகின் பெரும் பணக்காரர்களில் ஒருவர், கணினியே வாழ்க்கையாக இருப்பவர். ஆகவே படிப்பு இல்லை, பட்டணம் இல்லை, ஆங்கிலம் இல்லை என்று உங்களை நீங்களே தாழ்த்திக்கொள்வதை இந்த நிமிடமே நிறுத்துங்கள். இதில் ஜெயிப்பதற்கு வேண்டியது அக்கறை. அது உங்களிடம் மலைபோல் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன், இது பலருக்குத் தெரியாது. பெரிய எழுத்து ஒன்று வேண்டும், எண் ஒன்று வேண்டும், ஆச்சரியக்குறி வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று அலுவலகங்களும் தளங்களும் நம்மை வதைத்தனவே, அந்த விதிகளுக்கு வேர் எது? அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2000-களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஓர் ஆவணம். அதை எழுதியவர் பில் பர். 2017-இல், தம் எழுபத்திரண்டாம் வயதில், தாம் எழுதியதில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாக அவரே செய்தித்தாளுக்குச் சொன்னார். அதே ஆண்டு நிஸ்ட் தன் வழிகாட்டுதலை மாற்றி எழுதியது. காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்லாதீர்கள், குறிகளைக் கட்டாயப்படுத்தாதீர்கள், நீளத்துக்கு இடம் கொடுங்கள் என்றது. அந்தக் குறிகளையும் எண்களையும் உங்களால் நினைவில் வைக்க முடியவில்லை என்று எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டீர்கள்! மனிதமூளைக்கு ஒவ்வாததை மூளை ஏற்க மறுத்தது, அவ்வளவுதான். உங்கள் மூளையில் ஒரு குறையும் இல்லை.

நீளம்தான் பலம். எப்படி என்று கணக்கோடு சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள். வங்கித் தளத்தில் மூன்று நான்கு முறை தவறாகத் தட்டினால் கணக்கு முடங்கிவிடும். ஆகவே திருடன் அங்கே நின்று ஊகித்துக்கொண்டிருக்க மாட்டான். ஏதோ ஒரு தளத்திலிருந்து கடவுச்சொற் பட்டியலை, சங்கேதமாக்கப்பட்ட வடிவில், மொத்தமாகத் திருடித் தன் வீட்டுக்கே கொண்டுபோவான். அங்கே அவனை யாரும் தடுக்க மாட்டார்கள். 2012-இல் ஒரு நிபுணர் 25 வரைகலை அட்டைகளைக் கோத்து ஓர் இயந்திரம் கட்டிக் காட்டினார். பழைய விண்டோஸ் முறையில் சங்கேதமாக்கப்பட்ட கடவுச்சொற்களை அது வினாடிக்கு 350 பில்லியன் வீதம் ஊகித்தது. எழுத்து, எண், குறி எல்லாம் கலந்த எட்டு இடக் கடவுச்சொல் எதுவானாலும் ஆறு மணி நேரத்துக்குள் விழுந்தது. இன்றைய இயந்திரங்கள் அதைவிட வேகமானவை.

இப்போது உங்கள் வீட்டில் கிடக்கும் ஒரு தமிழ் அகராதியை எடுங்கள். 500 பக்கம், பக்கத்துக்கு 40 சொல் என்று வைத்துக்கொண்டால் 20,000 சொற்கள். அதிலிருந்து குலுக்கல் முறையில் நான்கு சொல்லை எடுத்துக் கோத்தால், அந்த 2012 இயந்திரத்துக்கு எல்லாச் சேர்க்கைகளையும் முயன்று முடிக்க ஐந்து நாள் ஆகும். ஒரு சொல்லைக் கூட்டி ஐந்தாக்குங்கள்: 290 ஆண்டு. ஆறாக்குங்கள்: ஐந்து மில்லியன் ஆண்டுக்கும் மேல். ஒரே ஒரு சொல் கூடுவதற்கு இவ்வளவு வித்தியாசம்! திருடனுக்கு நீங்கள் எந்த அகராதியை எடுத்தீர்கள், எத்தனை சொல் எடுத்தீர்கள் என்று தெரிந்திருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இது என் கற்பனையும் அல்ல. அமெரிக்கரான ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் 1995-இலேயே பகடை உருட்டி 7776 சொற்களிலிருந்து தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். நமக்குப் பகடையும் வேண்டாம், ஆங்கிலப் பட்டியலும் வேண்டாம். கோயிலில் திருவுளச்சீட்டுப் போட்டுப் பார்த்த கை இது.

பத்துத் துண்டுக் காகிதத்தில் 0 முதல் 9 வரை எழுதுங்கள். பழைய பால் டின்னில் போட்டுக் குலுக்குங்கள். ஒன்றை எடுத்துக் குறித்துக்கொண்டு திரும்ப உள்ளே போடுங்கள். மூன்று முறை எடுத்தால் பக்க எண். இரண்டு முறை எடுத்தால் அந்தப் பக்கத்தில் எத்தனையாவது சொல் என்பது. அப்படி ஒரு பக்கமோ சொல்லோ இல்லையென்றால் மறுபடி குலுக்குங்கள். வந்த சொல் பிடிக்கவில்லை என்று மாற்றாதீர்கள். மனம் தேர்ந்தெடுக்கும் சொல் எல்லாருடைய மனமும் தேர்ந்தெடுக்கும் சொல்லாகத்தான் இருக்கும். ‘அம்மா’, ‘காதல்’, ‘சிங்கம்’ என்று போய் நிற்கும். டின்னுக்கு அந்தப் பலவீனம் கிடையாது. பொருளே தெரியாத பழஞ்சொல் வந்தால் மட்டும் விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். அதனால் பெரிய நட்டமில்லை.

சரி, குலுக்கலில் இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்: தவளை, கூரை, இஞ்சி, மாமியார், நத்தை. ஒன்றுக்கொன்று ஒட்டாத ஐந்து சொற்கள். எப்படி நினைவில் வைப்பது?

இங்கேதான் உங்கள் பலம் வருகிறது. நீங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்துக்குள் மனத்தால் ஒருமுறை நடந்து போங்கள். தோட்டத்து முகப்பு, பெரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, பால் ஸ்டோர், மாரியம்மன் கோயில். கண்ணைக் கட்டிவிட்டாலும் போவீர்கள், இல்லையா? முகப்பில் யானை அளவுக்கு ஒரு தவளை உட்கார்ந்து வழிமறிக்கிறது. பெரட்டுக் களத்தில் புயலடித்துக் கூரை பறக்கிறது, துரை துரத்திக்கொண்டு ஓடுகிறார். ஆயாக் கொட்டகைத் தொட்டிலில் குழந்தைக்குப் பதிலாக ஒரு பெரிய இஞ்சி தூங்குகிறது. பால் ஸ்டோரில் தராசுத் தட்டில் மாமியார் ஏறி நிற்கிறார். கோயில் படியில் ஒரு நத்தை தீச்சட்டி ஏந்திப் போகிறது. சிரிப்பு வருகிறதல்லவா, அதனால்தான் மறக்காது. மூன்று நாள், காலையும் இரவும் இந்த நடையை நடந்து வாருங்கள். நான்காம் நாள் விரல் தானாகத் தட்டும்.

அந்தத் தோட்டம் இன்று செம்பனையாகியிருக்கலாம். லயங்களை இடித்துத் தாமான் கட்டியிருக்கலாம். முகப்பு இருந்த இடத்தில் நெடுஞ்சாலை ஓடலாம். உங்கள் தலைக்குள் இருக்கும் தோட்டத்தை எவனும் விற்கவில்லை. அங்கே ஒவ்வொரு மரமும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. வெளியே போகச் சொல்லி அறிக்கை ஒட்ட அங்கே யாருக்கும் அதிகாரமில்லை. அது முழுக்க முழுக்க உங்கள் சொத்து. அதைப் பயன்படுத்துங்கள்!

நினைவாற்றல் நம் கலை. 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா அரங்கில் கோட்டாற்றுச் செய்குத்தம்பி பாவலர், பலர் நூறு வகையில் கவனத்தைக் கலைக்க, அத்தனையையும் மனத்தில் வாங்கிப் பதில் சொல்லிச் சதாவதானி என்று பெயர் பெற்றார். பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரல்லர் அவர். நூறு செய்த மரபில் ஐந்து செய்ய முடியாதா?

செய்முறையில் சில சிக்கல்கள் வரும், அவற்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் எழுத்தைப் பல தளங்கள் ஏற்பதில்லை. ஆகவே புலனத்தில் பேரப்பிள்ளைக்கு எழுதுவதுபோல ரோமன் எழுத்தில் தட்டுங்கள். ‘தவளை’யை எப்படி எழுதுவது என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டால் பிறகு மாற்றாதீர்கள். எண்ணும் குறியும் இல்லாமல் விடமாட்டேன் என்று தளம் அடம் பிடித்தால், சொற்களுக்கு நடுவே ஒரே ஓர் எண்ணையும் குறியையும் போட்டுவிட்டுப் போங்கள், சண்டை வேண்டாம். சில வங்கிகள் நீளத்துக்கு எல்லை வைத்திருக்கின்றன. எவ்வளவு இடம் தருகிறார்களோ அவ்வளவையும் நிரப்புங்கள். இங்கே அச்சில் வந்துவிட்டதால் தவளையையும் நத்தையையும் யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் டின், உங்கள் சொற்கள்.

ஒரே கடவுச்சொல்லை எல்லா இடத்திலும் வைப்பதுதான் சக்கர்பெர்க்கையே கவிழ்த்தது. குறைந்தது மூன்று வேண்டும்: மின்னஞ்சலுக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று, சேமநிதிக் கணக்குக்கு ஒன்று. மூன்றிலும் தலைமையானது மின்னஞ்சல். மற்றக் கணக்குகளில் பலவற்றுக்குக் கடவுச்சொல் மறந்துவிட்டது என்று அழுத்தினால் புதுவழி வந்து சேருவது அங்கேதான். அதைப் பிடித்தவன் எல்லாவற்றையும் பிடிப்பான். அதற்கு இரண்டு படிச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். கடவுச்சொல் போனாலும் உங்கள் கையிலிருக்கும் தொலைபேசி இல்லாமல் உள்ளே வருவது கடினம். மற்றக் கணக்குகள் இருபதோ முப்பதோ இருந்தால், கடவுச்சொல் காப்பான் செயலி ஒன்றை வைத்துக்கொண்டு அதற்கு மட்டும் ஆறு சொல் பூட்டுப் போடலாம். அதுவும் வேண்டாம் என்கிற பெரியவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அலமாரியில் நகைப்பெட்டியோடு வையுங்கள். எழுதவே கூடாது என்று பயமுறுத்துகிறவர்கள் பேச்சைக் கேட்டு 123456-க்குத் திரும்பாதீர்கள். பாதுகாப்புத் துறையில் பெயர்பெற்ற புரூஸ் ஷ்னையர் போன்றவர்களே, பலமான ஒன்றை வைத்துக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வீட்டு அலமாரியை வேறொரு கண்டத்திலிருந்து யாரும் திறக்க முடியாது.

இனிமேல் சொல்வது எனக்கு வலிக்கிற விஷயம்.

நம் ஆட்கள் வட்டிக்காரனிடம் ஏடிஎம் அட்டையையும் இரகசிய எண்ணையும் அடகாகக் கொடுத்திருக்கிறார்கள். சம்பளம் விழுந்த அன்று அவன் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்கிறான். நம் இளைஞர்களில் சிலர் சில நூறு வெள்ளிக்காகத் தங்கள் வங்கிக் கணக்கையே முகம் தெரியாதவனிடம் வாடகைக்கு விட்டு, அவன் அதன் வழியே ஊரைக் கொள்ளையடிக்க, போலீஸ் வரும்போது கழுதைக் கணக்குக்காரர்கள் என்ற பெயரோடு நீதிமன்றத்தில் நிற்கிறார்கள். தம்பி, உன் கணக்கு உன் பெயர். உன் பெயரை எவனுக்கும் வாடகைக்கு விடாதே! கடன் தலைக்கு மேல் போயிருந்தால் வாயைத் திறந்து வீட்டில் சொல், ஊரில் நாலு பெரியவர்களிடம் சொல். அட்டையைக் கொடுக்காதே. தங்கச்சி, உன்னைக் காதலிக்கிறேன் என்று சொல்லித் தொலைபேசியின் கடவுச்சொல்லைக் கேட்கிறானா? நம்பிக்கையை அளக்கும் கோல் அதுவல்ல. கொடுக்காதே. தலை நிமிர்ந்து “மாட்டேன்” என்று சொல். அந்த ஒரு சொல்லைத் தாங்க முடியாதவன் உனக்கு வேண்டவே வேண்டாம்.

“வங்கியிலிருந்து பேசுகிறோம், போலீசிலிருந்து பேசுகிறோம், உங்கள் தொலைபேசிக்கு வந்த டேக் என்னும் ஒருமுறை எண்ணைச் சொல்லுங்கள்” என்று அழைப்பு வந்தால் நம்பாதீர்கள். எந்த வங்கியும் அதைக் கேட்காது, எந்தப் போலீசும் கேட்காது. அழைப்பவன் குரலை உயர்த்தி மிரட்டுவான். கைது செய்வேன் என்பான். துரையும் கிராணியும் மிரட்டி மிரட்டியே நம் முதுகு வளைந்தது. அதிகாரக் குரல் கேட்டதும் பணிந்துவிடும் பழக்கம் இன்னும் சிலரிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை உதறுங்கள். வைத்துவிடுங்கள் தொலைபேசியை! அதற்கு மரியாதை கெட்டவர் என்று யாரும் உங்களைச் சொல்ல மாட்டார்கள். திருமண அழைப்பிதழ் என்றோ வீட்டு வேலைக்கு ஆள் தருகிறோம் என்றோ புலனத்தில் ஒரு கோப்பை அனுப்பி, இதை நிறுவுங்கள் என்றால் நிறுவாதீர்கள். அது உள்ளே உட்கார்ந்து நீங்கள் தட்டுவதையெல்லாம் களவாடிவிடும்; அப்புறம் ஆறு சொல் கடவுச்சொல்லும் காப்பாற்றாது. ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்த கணமே 997-ஐ அழையுங்கள். தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் அது. 2022 முதல் இயங்குகிறது. வெட்கப்பட்டு மறைத்து வைக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டிருக்கும். வெட்கப்பட வேண்டியவன் திருடன்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். 2020 முதல் நம் பிள்ளைகளுக்கு டெலிமா என்னும் இணையக் கற்றல் தளத்தில் கணக்கு இருக்கிறது. வாழ்க்கையில் அவர்கள் பெறும் முதல் கடவுச்சொல் பலருக்கு அதுதான். வகுப்பு முழுவதற்கும் ஒரே சொல்லைப் போட்டுக் கரும்பலகையில் எழுதாதீர்கள். பத்துச் சீட்டு, ஒரு டின், ஓர் அகராதி கொடுத்து அவர்களையே மூன்று சொல் குலுக்கச் சொல்லுங்கள். அதில் கணக்குப் பாடமும் இருக்கிறது, தமிழ்ப் பாடமும் இருக்கிறது. எட்டு வயதில் தன் கடவுச்சொல்லைத் தானே ஆக்கிய பிள்ளை, இருபது வயதில் படிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போடாது.

படித்த பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு சொல். தாத்தா பாட்டிக்கு உதவப் போகும்போது தொலைபேசியைப் பிடுங்கி நீங்களே தட்டாதீர்கள். டின்னைக் குலுக்கிச் சீட்டை அவர்களே எடுக்கட்டும். சொற்களை உங்களுக்குச் சொல்லவும் வேண்டாம். அவர்கள் தட்டும்போது நீங்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் ஆகும், இரண்டு முறை தவறு வரும், ஆகட்டும். நீங்கள் நடக்கப் பழகியபோது அவர்கள் உங்களுக்குக் கொடுத்த நேரத்தை விடவா இது அதிகம்?

கோப்பெங்கிலிருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, அம்மா, ஐயா! இன்றிரவே தொடங்குங்கள். அகராதி இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுங்கள், நாளை வங்கி, அடுத்த நாள் சேமநிதி. உறைக்குள் செருகியிருக்கும் அந்தத் துண்டுச் சீட்டைக் கிழித்துப் போடுங்கள். புதிய ஐந்து சொற்களும் என்னவென்று யார் கேட்டாலும், நானே கேட்டாலும், சொல்லாதீர்கள்.